பன்னிரண்டாவது துளை

ஏழாவது வளையமும் திரும்பி வந்துவிட்டது. லொறிக்காரன் அதைப் பட்டறை வாசலில் இறக்கிவிட்டுப் போனான். இருநூறு கிலோ இரும்பு. முகத்தில் குறுக்காகச் சிவப்புப் பெயின்ற் கோடு. பட்டறைக்காரர் பதியுதீன் பாஸ் அந்தக் கோட்டைப் பார்த்தார். பிறகு லொறி போன திசையைப் பார்த்து வாயில் வந்ததையெல்லாம் ஏசினார். எதிர்த் தேநீர்க்கடையில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஐம்பத்தெட்டு வயது மனிதர், ஐந்து நேரமும் பள்ளிவாசலுக்குத் தொழப் போகிறவர், இப்படி ஏசும்போது கேட்காதது போல இருப்பதுதான் கல்முனையில் மரியாதை.

அது 2009 மார்ச் மாதம்.

கடல் ஊருக்குள் புகுந்துபோன பிறகு கரையோரக் கிணறுகள் உப்பாகிப் போயின. கடலுக்குத் தூரமான உட்புறத்திலிருந்து பெரிய குழாயில் தண்ணீர் கொண்டுவர ஒரு திட்டம் வந்தது. குழாயோடு குழாயைப் பொருத்த இரும்பு வளையம் வேண்டும். வளையத்தைச் சுற்றிப் பன்னிரண்டு துளை. இரண்டு வளையத்தை முகத்தோடு முகம் வைத்தால் பன்னிரண்டு போல்ட்டும் கையால் தள்ளவே உள்ளே போக வேண்டும். பதியுதீனின் வளையங்களில் போகவில்லை. சிலவற்றில் துளைக்குத் துளை மயிரளவாகத் தள்ளி, பன்னிரண்டாவது துளை ஒரு மில்லிமீற்றர் விலகி நின்றது. சிலவற்றில் பாதியிலேயே ஒரு பாய்ச்சல். அதற்குப் பிறகு போட்ட துளைகள் எல்லாம் இரண்டு, மூன்று மில்லிமீற்றர் விலகியிருந்தன.

முப்பத்தைந்து வருடம் லேத்தில் நின்ற மனிதர் அவர். வரிப்பத்தான்சேனை நெல் ஆலைகளின் தண்டுகள் அவர் கையால் கடைந்தவை. யுத்தத்தால் ரோட்டில் ஆள் நடமாட்டமில்லாத நாட்களில்கூடத் திருக்கோவிலிலிருந்து மீன்காரர்கள் வளைந்துபோன படகுத் தண்டைச் சாக்கில் சுற்றி அவரிடம்தான் கொண்டுவந்தார்கள். அவருடைய அளவு பிழைத்தது என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வரிப்பத்தான்சேனையில் ஓர் ஆலைக்குப் பெயாரிங் மாற்றிக்கொண்டிருந்தார். மனைவி மைமூனா கல்முனைக்குடியில், கடற்கரை வீதி வீட்டில். லேத் மணலுக்குள் புதைந்து கிடந்ததை அன்றைக்கே கண்டார். மைமூனாவை மூன்றாம் நாள் கண்டார். ஒரு கிழமை கழித்து ஓர் உத்தியோகத்தர் படிவத்தோடு வந்தார். தரை மட்டும் மிஞ்சிய வீட்டைப் பார்த்துவிட்டு, "பகுதிச் சேதம்" என்று எழுதினார். போடுங்க என்றார். பதியுதீன் கையெழுத்துப் போட்டார். வாசிக்கவில்லை. வாசிக்கும் நிலையில் அவர் இருக்கவில்லை. அதற்குப் பிறகு நட்டஈடு கேட்டு எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் அந்தத் தாளைத்தான் எடுத்து நீட்டினார்கள். நீங்கதானே கையெழுத்து வெச்சிருக்கீங்க? இரண்டு வருடம் அந்தக் கேள்விக்கு முன்னால் நின்றார்.

மெசின் 2007இல் வந்தது. கரையோர எழுச்சி நிறுவனம் என்ற பெயரில் ஓர் அமைப்பு கொடுத்தது. ஐந்து வருடத்துக்கு அது நிறுவனத்தின் சொத்து; வேலை செய்வது பதியுதீனும் அவருடைய மச்சான் றஸாக்கும். மோட்டர் மூடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதைக் கிழித்தால் மெசினைத் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது.

ஓர் இரும்பு மேசை. மேலே துளை போடும் தலை. மேசையைச் சுழற்றுவது ஒரு சேர்வோ மோட்டர். சும்மா மோட்டர் சுற்றும், அவ்வளவுதான். சேர்வோ மோட்டர், எவ்வளவு சுற்றினோம் என்று தானே எண்ணும். முப்பது பாகை போ என்றால் முப்பதில் போய் நிற்கும். எண்ணிக்கை திரையில் தெரியும். வெறும் மேசையில் பதியுதீன் டயல் கேஜ் வைத்துப் பார்த்தார். தலைமயிர் அளவும் பிசகவில்லை. மைமூனா போன பிறகு அவர் சிரித்தது அந்தக் கிழமைதான் என்று றஸாக் சொல்வான்.

சின்ன வேலைகளில் எல்லாம் சரியாகவே இருந்தது. வளையத்தைச் சங்கிலியால் தூக்கி மேசையில் வைத்த நாளிலிருந்துதான் பிழை.

நிறுவனத்தின் மனேஜர் ஸைனுலாப்தீன் வந்தார். ஊர்க்காரர்தான். மெசினைத் தெரிவு செய்து வாங்கியதும் அவர்தான். அதற்காக இரண்டு கிழமை வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர். வளையத்தை அவர் தொடவில்லை. திரையைத் தொட்டார்.

"பாஸ், பாருங்க. முப்பது. அறுவது. தொண்ணூறு. மெசின்ல பிழை எங்க இரிக்கி?"

"திரையில பிழையில்ல சேர். றிங்குலதான் இரிக்கி. நீங்க போல்ட் போடப் போறது திரைக்கா, றிங்குக்கா?"

றஸாக் சிரித்துவிட்டான். மனேஜர் சிரிக்கவில்லை.

"ஒண்டு செல்றன், கோவிக்காதீங்க. லுஹருக்கும் அஸருக்கும் நீங்க றிங்க இடையில விட்டுட்டுப் போறீங்க. தொழ வேணாம் எண்டு நான் செல்லல்ல, அஸ்தஃபிருல்லாஹ். நானும் தொழுறவன்தான். ஆனா தொழிலுக்கு ஒரு கட்டுப்பாடு வேணுமே."

"கட்டுப்பாடா?" பதியுதீனின் குரல் தெருவுக்குக் கேட்டது. "நீங்க கழிசான் போடப் பழக முன்னம் நான் லேத்துல நிண்டவன். பாங்கு சென்னா நிப்பாட்டுவன். முப்பத்தஞ்சி வருசம் நிப்பாட்டித்தான் வேல செஞ்சன். எந்த ஷாப்டாவது கோணிப் போச்சா? செல்லுங்க, ஒண்டச் செல்லுங்க!"

இன்னும் மூன்று வளையம் பிழைத்தால் மெசினை வேறு ஊருக்குக் கொடுக்க வேண்டிவரும் என்று மட்டும் சொல்லிவிட்டு மனேஜர் ஜீப்பில் ஏறினார்.

மகள் ஸுஹைறா கொழும்பில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர். இப்படியான மோட்டர்களோடுதான் அவளுக்கு வேலை. பதியுதீன் போன் எடுத்தார். அவள் இரண்டு கேள்வி கேட்டாள். மூன்றாவது கேள்வி கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

"பாரம் கூடினா மோட்டர் தளர்ந்து குடுக்கும் வாப்பா. இறுக்கத்தக் கூட்டுங்க. பட்டெண்டு போய்ப் பட்டெண்டு நிக்கணும். நம்பர் செல்றன், எழுதுங்க."

எழுதினார். போட்டார். மேசை துள்ளிப் போய் நின்றது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. எட்டாவது வளையமும் ஒன்பதாவது வளையமும் முன்னைய ஏழையும்விட மோசம்.

"நீயும் அவனப் போலத்தான்!" என்று போனில் கத்தினார். "அவன் திரையப் பாத்துக் கதைக்கான். நீ புத்தகத்தப் பாத்துக் கதைக்காய். றிங்கப் பாக்க ஒருத்தருமில்லையா இந்த நாட்டுல?"

அதற்குப் பிறகு அவர் மகளையும் நம்பவில்லை, மனேஜரையும் நம்பவில்லை. கெட்டுப்போன ஒன்பது வளையங்களையும் சுவரோரம் வரிசையாக நிறுத்தினார். ஒவ்வொன்றிலும் எந்தத் துளையில் பாய்ந்திருக்கிறது என்று அளந்தார். றஸாக்கின் வேலைக் கொப்பியில் எந்த வளையம் எந்த நேரம் ஏறியது, எந்த நேரம் இறங்கியது என்று இருந்தது. ஒரு துளைக்கு ஐந்து நிமிடம். துளை பாய்ந்த நேரத்தைக் கூட்டிக் கழித்துச் சுவரில் சோக்கால் எழுதினார். எழுதியதில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. நாலு நாள் பார்த்தார். ஐந்தாம் நாள், வேறு வழியில்லாமல், மகளுக்கு மறுபடியும் போன் எடுத்தார்.

"நாலு றிங் பாதியில பாஞ்சிரிக்கி. மத்ததெல்லாம் கொஞ்சங் கொஞ்சமாப் போயிரிக்கி."

"பாஞ்சது எத்தின மணிக்கு வாப்பா?"

"ஒண்டு பன்ரெண்டு இருவதுக்கு."

"மத்தது?"

"அதும் பன்ரெண்டு இருவதுக்குத்தான். மத்தது மூண்டரைக்கு." அவர் நாலாவதைச் சொல்லவில்லை.

பன்னிரண்டு இருபது லுஹர் பாங்கு, மூன்றரை அஸர் பாங்கு.

"வாப்பா, பாங்கு சென்னா மெசின எப்புடி நிப்பாட்டுவீங்க?"

பதியுதீன் போனை வைத்துவிட்டார்.

எப்படி நிறுத்துவார்? லேத்காரன் நிறுத்துவது போல. பள்ளிவாசலிலிருந்து பாங்கின் முதல் சொல் காதில் விழுந்ததும் கை சுவிட்சுக்குப் போகும். ஆனால் இரும்புக்குள் துளையிடும் அலகு இருக்கும்போது நிறுத்தினால் அது உடையும். அது தொழிலில் முதல் நாள் படிக்கிற பாடம். ஆகவே துளைக்குள்ளிருந்து அலகு மேலே வரும்வரை காத்திருப்பார். வந்ததும் நிறுத்துவார். இந்த மெசினில் அலகு மேலே வந்த அந்த நொடிதான் மேசை அடுத்த துளைக்குச் சுழலத் தொடங்கும். இருநூறு கிலோ சுழன்றுகொண்டிருக்கும்போது அவர் அடித்தது பெரிய சிவப்புப் பொத்தானை. மோட்டர் அந்த இடத்திலேயே செத்து நின்றது. வளையம் நிற்க மனமில்லாமல் இன்னும் கொஞ்சம் போனது.

பதியுதீன் சோக்குக் கட்டியைச் சுவரில் எறிந்தார்.

"அந்த மனேஜர் நாய் தெரியாமச் சென்னது மெய்யாப் போச்சே!"

"விடுங்க மச்சான்," என்றான் றஸாக். "அல்லாஹ்வுக்காகத்தானே நிப்பாட்டினீங்க."

"அல்லாஹ் சிவப்புப் பொத்தானையா அடிக்கச் சென்னான்? வாய மூடு!"

கோபம் ஒரு நாள் முழுக்க அவரைத் தின்றது. மறுநாள் சுபஹு தொழுதுவிட்டு வரும்போது அது வேறு பக்கம் திரும்பியிருந்தது. சரி, அடித்தது அவர் கைதான். அடிக்கக் கூடாத பொத்தானை மெசின் செய்தவன் ஏன் தேங்காய்ப் பெரிசில் வைத்தான்? அடித்தால் நிற்பதற்குத்தானே வைத்தான்? நின்ற பிறகும் வளையம் போனதென்றால், மோட்டருக்கும் மேசைக்கும் நடுவே ஏதோ ஒன்று வழுக்குகிறது. பாங்கு சொல்லாத நேரத்தில் போட்ட வளையங்களிலும் பிழை இருந்ததே. அதற்கு யார் பொறுப்பு?

வழுக்குகிற அந்த இடம் ஸ்டிக்கர் ஒட்டிய மூடிக்குள் இருந்தது.

ஏப்ரல் முழுக்க அவர் மூடியைத் திறக்கவில்லை. திறந்தால் மெசின் போகும். திறக்காவிட்டால் மெசினும் போகும், பெயரும் போகும். மே பத்தொன்பதாம் திகதி யுத்தம் முடிந்ததென்று அறிவித்தார்கள். கல்முனையில் கடைகளுக்குக் கொடி கட்டச் சொல்லி ஆள் வந்தது. வாகனங்கள் ஹோன் அடித்துக்கொண்டு போயின. சந்தோசப்பட்டவர்களும் இருந்தார்கள், கதவைச் சாத்திக்கொண்டவர்களும் இருந்தார்கள். பதியுதீன் பட்டறைக் கதவைச் சாத்திவிட்டுக் கத்தியை எடுத்தார்.

"ஊரெல்லாம் வெடி கொளுத்துறானுகள், நீங்க ஸ்டிக்கரக் கிழிக்கிறீங்க," என்றான் றஸாக்.

"அவனவனுக்கு அவனவன்ட சண்ட. இஞ்ச புடி டோர்ச்ச."

உள்ளே மோட்டரின் தண்டு. அதைக் கியர்ப்பெட்டியோடு சேர்க்கும் கப்ளிங். பதியுதீன் இரண்டுக்கும் குறுக்கே கூரான ஊசியால் ஒரே நேர்கோடு கீறினார். வளையத்தை மேசையில் ஏற்றினார்கள். மேசை சுழலும்போது, வழமை போல, சிவப்புப் பொத்தானை அடித்தார்.

கோடு இரண்டாக உடைந்திருந்தது. தண்டில் பாதி, கப்ளிங்கில் பாதி, நடுவே நகத்தின் தடிப்புக்கு விலகல்.

கோட்டைப் புதிதாகக் கீறி, பொத்தானைத் தொடாமல் மகள் கொடுத்த நம்பரிலேயே பன்னிரண்டு துளைக்கும் ஓட்டினார். அப்போதும் உடைந்தது. சின்னதாக, ஆனால் உடைந்தது. மோட்டர் பட்டென்று நிற்கும் ஒவ்வொரு முறையும் மயிரளவு வழுக்கியிருக்கிறது. மோட்டர் தன்னை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தது. மேசை எங்கே நிற்கிறதென்று அதற்குத் தெரியாது. தெரியாததைத்தான் திரை முப்பது, முப்பது என்று காட்டிக்கொண்டிருந்தது.

கப்ளிங்கைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தார். தண்டு உருளையாக, வழவழப்பாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டிருந்தது ஒரேயொரு சின்னத் திருகாணி.

"கீ இல்ல, வழுக்காமப் பூட்டுற கட்ட இல்ல," என்றார். "இருநூறு கிலோவச் சுத்துற தண்டுக்கு ஒரு கீ வெட்டல்ல. தண்ணி மோட்டருக்கே கீ வெட்டுவாங்க. எவன்டா இத வித்தவன்? எவன்டா இதப் பாத்து வாங்கினவன்?"

அன்றைக்கு ஸுஹைறாவுக்கு அவர் போன் எடுத்தபோது பின்னால் பட்டாசுச் சத்தம் கேட்டது. அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு அவள், "நான் இறுக்கத்தக் கூட்டச் சென்னதுதான் மோசமாக்கினது," என்றாள்.

"ஓம். அத அழுறதுக்கு நேரமில்ல. இப்ப என்ன செய்யிற?"

"கீ வெட்டுங்க. ஆனா தண்டுல சுத்தியல் படக்கூடா. மோட்டருக்குள்ள எண்ணுற தட்டு கண்ணாடி, ஒடஞ்சிரும். அடுத்தது, நான் தந்த நம்பரத் தூக்கி எறிங்க. மெதுவா எடுக்கணும், மெதுவா நிப்பாட்டணும். நிண்டுகொண்டு போற சனத்த வெச்சு பஸ் ஓட்டுறாப் போல."

இரண்டு நாள் அரத்தாலேயே கீ உட்காரும் தவாளிப்பு வெட்டினார். சுத்தியலைப் பட்டறைக்கு வெளியே வைத்துவிட்டார், பழக்கத்தில் கை போய்விடும் என்று. விரல் நீள இரும்புக் கட்டை ஒன்றை அராவி, தண்டுக்கும் கப்ளிங்குக்கும் நடுவே அழுத்தி இறக்கினார். மேசை நிற்கும் வேகத்தை மூன்றில் ஒன்றாகக் குறைத்தார்கள். ஒரு வளையத்துக்கு நாலு நிமிடம் கூடுதலாகப் போனது. பாங்குக்கு நிறுத்த வேண்டுமென்றால் மேசை அடுத்த துளைக்குப் போய் முழுதாக நின்ற பிறகு நிறுத்தும் பொத்தான் வேறாக இருந்தது. பச்சை, மிளகாய் விதை அளவு, யாரும் அவருக்குக் காட்டித் தந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகும் கால் மில்லிமீற்றர் மிஞ்சியது. அது கியர்ப் பற்களுக்கு இடையிலிருந்த தளர்வு. அதற்கு மகளைக் கேட்கவில்லை. லேத்தில் கைப்பிடியை எப்போதும் ஒரு பக்கத்தாலேயே கொண்டுவந்து நிறுத்துவார்; தாண்டிப் போனால் நன்றாகப் பின்னுக்கு எடுத்து மறுபடியும் அதே பக்கத்தால் வருவார். மேசையையும் அப்படியே வரவைத்தார். கால் மில்லிமீற்றரும் போனது.

பத்து வளையம் போட்டார். சோடி சோடியாக வைத்து றஸாக் போல்ட்டைத் தள்ளினான். அறுபது போல்ட். ஒன்றுக்கும் சுத்தியல் தேவைப்படவில்லை.

ஸைனுலாப்தீனின் கந்தோருக்குப் பதியுதீன் சுத்தமான சேர்ட் போட்டுக்கொண்டு போனார். எல்லாவற்றையும் சொன்னார். கப்ளிங்கில் கீ இல்லாதது, மகள் சொன்ன நம்பர் பிழைத்தது, ஸ்டிக்கரைக் கிழித்தது, பாங்குக்குத் தான் சிவப்புப் பொத்தானை அடித்தது. எதையும் மறைக்கவில்லை. அளவைச் சொல்லும்போது பிடித்ததை மட்டும் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

"நீங்க நல்ல மனுசன் பாஸ்," என்றார் மனேஜர். "பிழைய ஒத்துக்கிட்டீங்க. மேலிடத்துக்கு ஒரு அறிக்கை அனுப்புவம். நீங்க கையெழுத்து வெச்சாப் போதும், மெசின் ஒங்களுக்கிட்டயே இரிக்கும்."

மறுநாள் தாள் வந்தது. பதியுதீன் மூன்று தரம் வாசித்தார். "இயக்குபவர் தொழுகை நேரங்களில் அவசர நிறுத்தத்தைத் தவறாகப் பயன்படுத்தியதால் ஏற்பட்ட பிழை, நிறுவனத்தின் வழிகாட்டலில் சீர்செய்யப்பட்டது." அவ்வளவுதான். ஒரே வசனம்.

"கப்ளிங் எங்க?"

"அது தொழில்நுட்ப விசயம். மேல இரிக்கிறவங்களுக்கு விளங்காது."

"பாங்கு மட்டும் விளங்குமா?"

"பாஸ், மெசின் பிழையெண்டு எழுதினா ஆர் வாங்கினது எண்டு கேப்பாங்க."

"கேக்கட்டும்! ஆர் வாங்கினது? நான் எண்ட பிழையச் சென்னன். நீங்க ஒங்கடத எழுதுங்க. ரெண்டையும் ஒரு தாள்ல எழுதுங்க, இந்த இடத்துலயே கையெழுத்து வெக்கன். பாதிய எழுதிட்டு அடியில எண்ட பேரா? ஒரு தரம் வெச்சன். பொண்டாட்டிய அடக்கிட்டு வந்த கையால வெச்சன். இனி வெக்க மாட்டன்."

அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

ஸுஹைறா போனில், "ஒரு பேப்பர்தானே வாப்பா, போட்டுட்டு விடுங்க, மெசினாவது மிஞ்சும்," என்றாள். படித்த பிள்ளைகள் இப்படித்தான் சொல்வார்கள். பதினொரு நாள் அவர் அவளோடு கதைக்கவில்லை. அந்தப் பதினொரு நாளை அவளுக்கு இனி யாரும் திருப்பித் தரமுடியாது.

வியாழக்கிழமை லொறி வந்தது. மெசினைத் தூக்க முன், றஸாக் ஸ்பனரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"மச்சான், ரெண்டு நிமிசம். அந்தக் கீயக் கழட்டுறன். நம்மட இரும்பு, நம்மட வேல. போய்த் திணறட்டும்."

பதியுதீன் கொஞ்சம் யோசித்தார். ஆசை இல்லாமலில்லை.

"வேணாம். கழட்டினா திரும்பவும் றிங் பிழைக்கும். பிழைச்சா ஆர்ர பேரச் செல்லுவானுகள்? அந்தக் கிழவன் பாங்குக்கு அடிச்சுக் கெடுத்துட்டான் எண்டுதான் செல்லுவானுகள். இரிக்கட்டும். கீயோட போகட்டும்."

மெசின் வேறு ஊருக்குப் போனது. அவருடைய பத்து வளையங்களும் நிறுவனத்தின் களஞ்சியத்துக்குப் போயின. அவர் மணலிலிருந்து தோண்டியெடுத்த பழைய லேத்துக்குத் திரும்பினார். நெல் ஆலைத் தண்டு, படகுத் தண்டு. ஸைனுலாப்தீன் பதவி உயர்ந்து கொழும்புக்குப் போனார். நிறுவனத்தின் ஆண்டு மலரில் சேர்வோ மெசினைப் பற்றி ஒரு பக்கம் வந்தது. கீ வெட்டியதும் நிறுத்தும் வேகத்தைக் குறைத்ததும் ஒரு பக்கத்தால் வருவதும் எல்லாம் அதில் இருந்தன. "எமது தொழில்நுட்பக் குழு" என்று போட்டிருந்தது. குழுவில் யார் என்று போடவில்லை.

2011இல், மாரடைப்பில் மவுத்தாவதற்கு ஏழு மாதம் முன்பு, பதியுதீன் அஸர் தொழுதுவிட்டு வரும் வழியில் பிரதான வீதியோரம் குழாய் பதித்துக்கொண்டிருந்தார்கள். தோண்டிய கிடங்குக்குள் இரண்டு வளையம் முகத்தோடு முகமாக நின்றன. ஓரத்தில், பட்டறையில் அவர் தன் கையால் தட்டிய இலக்கம் தெரிந்தது. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு கிடங்குக்குள் இறங்கினார். குவியலிலிருந்து போல்ட்டை எடுத்து ஒவ்வொன்றாகத் தள்ளினார். பன்னிரண்டும் கையால் போயின.

"பெரியவர், தொடாதீங்க!" என்று மேற்பார்வை செய்த பொடியன் மேலே நின்று கத்தினான். "அது கொழும்பில செஞ்ச சாமான். பழுதாக்கினா நாங்கதான் பதில் செல்லணும். ஏறுங்க வெளிய!"

பதியுதீன் கிடங்குக்குள் நின்றபடியே அவனை நிமிர்ந்து பார்த்தார். ரோட்டில் போனவர்கள் எல்லாம் நின்று திரும்பிப் பார்க்கும்படி அவர் சத்தம் போட்டார்.

"கொழும்பிலயா? றிங் பிழைச்சா எண்ட பாங்கு, சரிவந்தா கொழும்பா? ஒங்கட மனேஜரக் கேட்டுப் பாரு, கொழும்பில பாங்கு சென்னா மெசின நிப்பாட்டுறானுகளா எண்டு!"